ஃபாக்னரின் 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி': 1929 முதல் இன்றுவரை விமர்சகர்கள் யாரைப் பார்த்தார்கள்?

பழுப்புத்தாள் (இழையைத் தொடங்கியவர்)

போன மாத வாசிப்புக்கு எடுத்த இந்த நாவலைப் பற்றி எல்லோரும் "கஷ்டமான நாவல், ஆனால் மகத்தானது" என்று சொல்லி முடித்துக்கொண்டோம். எனக்கு அது போதவில்லை. மகத்தானது என்று யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்று தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே வைக்கிறேன். படிக்காதவர்களுக்கு ஒரு வரி: அமெரிக்காவின் தெற்கில் வீழ்ந்துவரும் காம்ப்சன் என்ற வெள்ளைக் குடும்பத்தின் கதை இது. பேச்சு இல்லாத பெஞ்சி, தற்கொலை செய்துகொள்ளும் குவென்டின், ஜேசன் என்ற மூன்று சகோதரர்களும் ஆளுக்கொரு பகுதி சொல்கிறார்கள். அவர்களின் சகோதரி கேடி, அந்த வீட்டின் கறுப்பினப் பணிப்பெண் டில்சி.

நாவல் வெளியானது 1929 அக்டோபர் 7. பதிப்பகம் கேப் அண்ட் ஸ்மித். முதல் அச்சு 1789 பிரதிகள். மூன்று வாரத்தில் வால் ஸ்ட்ரீட் சரிந்தது, புத்தகம் வாங்க யாரிடமும் காசில்லை. வாசகர்கள் தடுமாறுவார்கள் என்று பதிப்பகத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அந்த ஆண்டு ஃபாக்னரைவிடப் பெயர் பெற்றிருந்த எவலின் ஸ்காட்டின் கட்டுரையைத் தனிக் குறுநூலாக அச்சிட்டு நாவலோடு சேர்த்தே வெளியிட்டார்கள். மனதாரப் பாராட்டிய கட்டுரை அது.

எல்லோரும் அவரைப் போல இல்லை. 1930 ஜனவரியில் 'தி நேஷன்' இதழில் கிளிஃப்டன் ஃபேடிமன் எழுதிய மதிப்புரையின் தலைப்பே ஏறக்குறைய 'பாடுபட்டதற்குப் பலனில்லை' என்ற பொருளில் இருக்கிறது. இவ்வளவு சிக்கலான உத்தியைத் தாங்கும் அளவுக்கு இந்தக் குடும்பமும் இந்தக் கதையும் முக்கியமில்லை என்பது அவர் வாதம். இதை முட்டாள்தனம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. நம் குழுவிலேயே இரண்டு பேர் இதே கேள்வியைக் கேட்டார்கள்.

1940-களின் நடுவில் மால்கம் கௌலி என்ற விமர்சகர் தேடியபோது ஃபாக்னரின் ஏறக்குறைய எல்லாப் புத்தகங்களும் அச்சில் இல்லை. ஃபாக்னர் அப்போது ஹாலிவுட்டில் வார்னர் பிரதர்ஸுக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தார். 1946-இல் கௌலி தொகுத்த 'தி போர்ட்டபிள் ஃபாக்னர்' வருகிறது. 1950-இல், முந்தைய ஆண்டுக்கான நோபல் அவருக்கு அறிவிக்கப்படுகிறது. அச்சில் இல்லாத நிலையிலிருந்து நோபலுக்குப் போக ஐந்தாறு வருடம்தான்.

என் கருத்து இதுதான்: இந்த நாவல் பற்றிய மதிப்பீடு ஏறியதும் இறங்கியதும் மட்டும் கதை இல்லை. ஒவ்வொரு காலமும் நாவலுக்குள் வேறு ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டது. முதலில் பெஞ்சியும் குவென்டினும், அப்புறம் டில்சி, அப்புறம் கேடி. இப்போது மறுபடி டில்சி, ஆனால் முற்றிலும் வேறு டில்சி. உங்களுக்கு எப்படிப் படுகிறது?

கரிசல்காட்டான்

நல்ல தொடக்கம் அண்ணா. ஆனால் அந்த ஐந்தாறு வருடத்தை நீங்கள் வேகமாகத் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம்.

1930-களில் இடதுசாரிகளும் சமூக யதார்த்தம் பேசியவர்களும் ஃபாக்னரை அழுகல், கொடூரம், நோய் என்று பேசினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து பனிப்போர் தொடங்கியது. அமெரிக்கா தன்னை உலகத்துக்குக் காட்டவேண்டிய நேரம் வந்தது. அரசியல் பேசாத, 'மனித நிலை' பேசுகிற, வடிவத்தில் கடினமான ஒரு பெரிய எழுத்தாளர் தேவைப்பட்டார். லாரன்ஸ் ஷ்வார்ட்ஸ் 1988-இல் இதையே ஒரு முழுப் புத்தகமாக எழுதினார். தெற்கத்திய 'புதுத் திறனாய்வு'க்காரர்களும் (படைப்பின் வடிவத்தை மட்டும் வைத்து மதிப்பிட்டவர்கள்) நியூயார்க் அறிவுஜீவிகளும் போருக்குப் பிறகு ஒரே பக்கம் வந்து நின்றதையும், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணம் இலக்கியக் காலாண்டிதழ்களுக்குப் போனதையும், அந்த இதழ்களே ஃபாக்னரைத் தூக்கி நிறுத்தியதையும் கோத்துக் காட்டுகிறார்.

நாவல் மாறவில்லை. தேவை மாறியது. இதைச் சொல்லாமல் 'மதிப்பீடு வளர்ந்தது' என்று மட்டும் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

நூலகவாசி

கரிசல்காட்டான், பனிப்போர் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது அமெரிக்காவுக்குள் நடந்ததை மட்டும் விளக்குகிறது. பிரான்ஸை எங்கே வைப்பீர்கள்?

மோரிஸ் குவாந்த்ரோவின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1938-இல் வந்துவிட்டது. அடுத்த ஆண்டே பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் இந்த நாவலில் காலம் பற்றித் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். பனிப்போர் என்ற பேச்சே அப்போது கிடையாது. எழுதியவரும் அமெரிக்க அறக்கட்டளையின் ஆள் இல்லை.

அந்தக் கட்டுரை வெறும் புகழ்ச்சியும் இல்லை. ஃபாக்னரின் மனிதர்கள் திறந்த காரில் உட்கார்ந்து பின்பக்கமே பார்த்துக்கொண்டு போகிறவர்கள் என்கிறார் சார்த்தர். கடந்துபோனது மட்டும்தான் அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும், எதிர்காலம் என்ற ஒன்றே கிடையாது. குவென்டின் காலையில் கைக்கடிகாரத்தின் கண்ணாடியை உடைத்து முட்களைப் பிடுங்குகிற இடத்தை எடுத்துக்கொண்டு பேசுகிறார். கடைசியில், இந்தக் கலையை விரும்புகிறேன், இதன் பின்னால் உள்ள தத்துவத்தை நம்பவில்லை என்று முடிக்கிறார். 1939-இல் ஐரோப்பாவில் உட்கார்ந்து எதிர்காலம் இல்லாத மனிதர்களைப் பற்றி ஒருவர் வாதாடுகிறார் என்றால் அவருக்கு அது வெறும் உத்தி பற்றிய விவாதம் இல்லை.

ஆக, தேவை என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொருவருக்கும் வேறு தேவை.

கரிசல்காட்டான்

சார்த்தரை ஒப்புக்கொள்கிறேன் சார். ஆனால் ஒரு பிரெஞ்சுக் கட்டுரை நாவலைப் பாடத்திட்டத்தில் வைக்காது. அமெரிக்க வகுப்பறைக்குள் அதைக் கொண்டுபோனது யார் என்பதுதான் என் கேள்வி.

மழைக்குருவி

வகுப்பறை என்றதும் எனக்குக் கேடி நினைவுதான் வருகிறது. கல்லூரியில் எனக்கு இந்த நாவலைச் சொல்லிக்கொடுத்த பேராசிரியர், கேடி 'வீழ்ந்த பெண்', அவள் வீழ்ச்சி தெற்கின் வீழ்ச்சிக்குக் குறியீடு என்று எழுதிப் போட்டார். நாங்களும் அப்படியே பரீட்சையில் எழுதினோம். 1950, 60-களின் அமெரிக்க விமர்சனத்தில் பெரும்பகுதி இதே பார்வைதான் என்று பிறகு படித்தபோது தெரிந்தது. அவள் குடும்ப மானம், அவள் இழப்பு, அவள் குறியீடு. அவள் ஒரு ஆள் என்று யாரும் பேசுவதில்லை.

நாவல் எங்கே பிறந்தது என்று ஃபாக்னரே 1956 பாரிஸ் ரெவ்யூ பேட்டியில் சொல்லியிருக்கிறார். பாட்டி இறந்த அன்று ஒரு சின்னப் பெண் பேரிக்காய் மரத்தில் ஏறி ஜன்னல் வழியாகச் சாவு வீட்டைப் பார்க்கிறாள். கீழே நிற்கும் சகோதரர்கள் சேறு படிந்த அவள் உள்ளாடையைப் பார்க்கிறார்கள். சேற்றைப் பார்க்கிற ஆண்களைப் பற்றி விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். ஜன்னலுக்குள் அவள் என்ன பார்த்தாள்? ஏறிப் பார்க்கத் துணிந்தவள் அவள் ஒருத்திதானே? பயந்து நின்ற மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பகுதி கிடைத்தது, ஏறியவளுக்கு ஒரு பக்கம்கூட இல்லை.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கேட்டபோது, கேடி மிக அழகானவள், நடப்பதைச் சொல்லும் வேலைக்கு அவளைக் குறுக்க மனமில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். என் உள்ளத்துக்குப் பிரியமானவள் என்றும் சொன்னார். பல ஆண்டுகள் இது ஒரு மேதையின் நுட்பமான முடிவு என்றே பாராட்டப்பட்டது. 1970-களிலிருந்து பெண்ணிய விமர்சகர்கள் அதை மறுத்துப் பேசினார்கள். அழகு என்று சொல்லி வாயை மூடுவது காம்ப்சன் சகோதரர்கள் செய்த அதே வேலை இல்லையா என்று கேட்டார்கள். இன்னொரு பக்கம் மின்ரோஸ் க்வின் போன்றவர்கள், 1990 வாக்கில், பெஞ்சியின் பகுதிக்குள்ளேயே கேடியின் குரல் கேட்கிறது, கவனமாகக் கேட்டால் ஆண்களின் நினைவுக்குள்ளிருந்து அவள் பேசுகிறாள் என்று வாசித்துக் காட்டினார்கள். எனக்கு இந்த இரண்டாவது வாசிப்புதான் நாவலைத் திருப்பிக் கொடுத்தது.

கேடி வாசனைத் திரவியம் போட்டுக்கொண்டு வருகிற இடத்தைப் பாருங்கள். பெஞ்சி அழுகிறான். அவள் காரணத்தைக் கண்டுபிடிக்கிறாள், கழுவிக்கொள்கிறாள், அந்தக் குப்பியை டில்சிக்குக் கொடுத்துவிடலாம் என்று அவனையே கூட்டிக்கொண்டு போகிறாள். குறியீடு இப்படி யோசிக்காது. தம்பியைப் புரிந்துகொண்ட ஒரு அக்காதான் யோசிப்பாள்.

தாழைமடல்

மழைக்குருவி அக்கா, அந்த இடத்தைச் சொன்னதற்கு நன்றி. நான் சிறப்புப் பள்ளியில் ஆசிரியை. பெஞ்சியைப் பற்றிய பழைய விமர்சனங்களைப் படிக்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முதல் மதிப்புரைகளில் அவன் 'ஒரு முட்டாளின் பிதற்றல்'. 50-களில் அப்படியே தலைகீழ்: வயது 33, ஈஸ்டர் வாரம், ஆகவே கிறிஸ்து உருவம். அல்லது மற்றவர்களின் நல்லது கெட்டதைக் காட்டும் கண்ணாடி. இரண்டிலும் அவன் மனிதன் இல்லை. சமீபத்திய இருபது முப்பது ஆண்டுகளில்தான் மாற்றுத்திறன் பற்றி எழுதும் ஆய்வாளர்கள், இவனுக்குப் பேச்சு இல்லை என்பதும் சிந்தனை இல்லை என்பதும் ஒன்றல்ல என்று அழுத்திச் சொல்கிறார்கள். வேலிக்குப் பக்கத்தில் பள்ளி விட்டுப் போகும் பெண்களிடம் அவன் ஏதோ சொல்ல முயன்றதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு அவனுக்கு ஆண்மை நீக்கம் செய்துவிட்டார்கள். 'சொல்ல முயன்றேன்' என்று அந்தப் பத்தியில் அவனே திரும்பத் திரும்பச் சொல்கிறான். இதைப் படித்தும் அவனுக்கு உள்மனம் இல்லை என்று எழுதினார்களே என்பதுதான் என் வருத்தம்.

நூலகவாசி

இதோடு சேர்த்து ஒன்று. பெஞ்சி பகுதியில் கதை ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்குத் தாவுவதைக் காட்ட ஃபாக்னர் சாய்வெழுத்தைப் பயன்படுத்தினார். நண்பரும் முகவருமான பென் வாசன் அச்சுப்படியில் அதை எடுத்துவிட்டு வரிகளுக்கு நடுவே இடைவெளி விட்டார். ஃபாக்னர் கோபித்துக்கொண்டு பழையபடி மாற்றினார். பல நிற மையில் அச்சிட வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்தது. 1933-இல் ஒரு பதிப்பகம் முயன்று கைவிட்டது. 2012-இல் ஃபோலியோ சொசைட்டி 14 நிறங்களில் பெஞ்சி பகுதியை அச்சிட்டது. புரிவதற்கு வசதிதான். ஆனால் எந்த வரி எந்த நிறம் என்று முடிவு செய்தது நோயல் போல்க், ஸ்டீஃபன் ராஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள். ஒரு தலைமுறையின் விமர்சன முடிவு அங்கே மையாகவே பக்கத்தில் ஏறிவிட்டது.

தெற்குவாசல்

எல்லோரும் இன்னும் வெள்ளைக் குடும்பத்துக்குள்ளேயே நிற்கிறோம். டில்சியைப் பற்றிப் பேசவேண்டும்.

புதுத் திறனாய்வாளர் கிளீயன்த் புரூக்ஸ் காலத்து விமர்சனம் டில்சியைக் கோபுரத்தில் வைத்தது. அதற்கு நாவலில் ஆதாரம் இல்லாமல் இல்லை. சமையலறைக் கடிகாரத்துக்கு ஒரே ஒரு முள். அது ஐந்து முறை அடிக்கிறது, டில்சி "எட்டு மணி" என்கிறார். குவென்டின் கடிகாரத்தோடு சண்டை போட்டுச் செத்தான், டில்சி கெட்டுப்போன கடிகாரத்தை வைத்துக்கொண்டே குடும்பத்தை நடத்துகிறார். ஈஸ்டர் பிரசங்கம் கேட்டு அழுகிறார். ஆகவே இவரே நாவலின் அறம், பொறுமையின் வடிவம். அப்படித்தான் சொன்னார்கள்.

அந்தப் பொறுமையைப் புகழ்ந்த வருடங்கள் எவை என்று பாருங்கள். 1956 மார்ச்சில் 'லைஃப்' இதழில் ஃபாக்னர் வடக்குக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்: இனப் பிரிவினையை ஒழிப்பதில் கொஞ்சம் பொறுங்கள், மெல்லப் போங்கள் என்று. அதே வருடம் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 'பார்ட்டிசன் ரெவ்யூ'வில் பதில் எழுதினார். ஃபாக்னர் கேட்கிற அவகாசம் என்று ஒன்று கிடையாது, மாற்றத்துக்கான நேரம் இப்போதுதான் என்றார். மான்ட்கோமரியில் கறுப்பின மக்கள் இனப் பிரிவினையை எதிர்த்துப் பேருந்தில் ஏறாமல் நடந்துபோய்க்கொண்டிருந்த ஆண்டு அது. அந்த ஆண்டில் கறுப்பினப் பணிப்பெண்ணின் பொறுமையைப் பெரிய குணமாகக் கொண்டாடுவது வெறும் இலக்கிய ரசனை என்று நான் நினைக்கவில்லை.

நாலாம் பகுதியை எல்லோரும் 'டில்சி பகுதி' என்கிறோம். ஆனால் அது டில்சி சொல்வது இல்லை, படர்க்கையில் எழுதியது. மூன்று வெள்ளைச் சகோதரர்களுக்கு உள்மனம் உண்டு. டில்சியை வெளியிலிருந்துதான் பார்க்கிறோம், அவர் போட்டிருக்கும் துணியை, உடம்பை, படியேறும் சிரமத்தை. கறுப்பின விமர்சகர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

டில்சியின் பேரன் லஸ்டரையும் பாருங்கள். முதல் பகுதி முழுக்க அந்தப் பையன் தொலைத்த கால் டாலரைத் தேடுகிறான், சர்க்கஸ் மாதிரி வந்த ஒரு காட்சியைப் பார்க்க. ஜேசனிடம் இலவச அனுமதிச் சீட்டு இரண்டு இருக்கிறது, அவனுக்குப் போக விருப்பமில்லை. ஐந்து சென்ட் கொடு என்கிறான். லஸ்டரிடம் இல்லை. ஜேசன் ஒரு சீட்டை அடுப்பில் போடுகிறான். பையன் கெஞ்சுகிறான். இரண்டாவதையும் போடுகிறான். டில்சி திட்டுகிறார். எனக்கு நாவலிலேயே கொடுமையான பக்கம் இதுதான். நான் படித்த பழைய கட்டுரைகளில் இது ஜேசனின் குணத்துக்கு உதாரணமாக ஒரு வரியில் வந்து போகிறது. லஸ்டரின் பக்கம் நின்று அதைப் பார்க்கப் பல பத்தாண்டு ஆனது.

கரிசல்காட்டான்

தெற்குவாசல் சொன்னதற்கு முழு ஆமோதிப்பு. ஒன்று சேர்க்கிறேன். கறுப்பின நாவலாசிரியர் டோனி மாரிசன் 1955-இல் கார்னெல்லில் எழுதிய முதுகலை ஆய்வு வர்ஜீனியா உல்ஃபும் ஃபாக்னரும் பற்றியது. தன் முதல் நாவல் வர 15 ஆண்டு இருக்கும்போதே அவர் ஃபாக்னரை ஆழமாகப் படித்துவிட்டார். மார்த்தினிக் தீவின் எடுவார் கிளிசான் 1996-இல் 'ஃபாக்னர், மிசிசிப்பி' என்று ஒரு புத்தகமே எழுதினார். ஆக கறுப்பின எழுத்தாளர்கள் ஃபாக்னரை ஒதுக்கிவிடவில்லை. வேறு கேள்விகளோடு வாசித்தார்கள்.

பழுப்புத்தாள்

எல்லோருக்கும் நன்றி. இப்போது நான் முக்கியமாகச் சொல்லவந்ததற்கு வருகிறேன். கரிசல்காட்டான் முதலில் 'நாவல் மாறவில்லை, தேவை மாறியது' என்றார். நாவலே மாறியது தம்பி. கையில் எடுத்துப் படித்த புத்தகமே வேறாகிவிட்டது.

கௌலி தன் தொகுப்புக்காக டில்சி வரும் கடைசிப் பகுதியைக் கேட்டார், அதற்கு ஒரு சின்ன அறிமுகமும் கேட்டார். ஃபாக்னர் எழுதி அனுப்பியது காம்ப்சன் குடும்பத்தின் 1699 முதல் 1945 வரையிலான வரலாறு. அதுதான் 'பின்னிணைப்பு'. அதே 1946-இல் மாடர்ன் லைப்ரரி பதிப்பகம் இந்த நாவலையும் ஃபாக்னரின் இன்னொரு நாவலான 'ஆஸ் ஐ லே டையிங்'கையும் ஒரே தொகுதியாகப் போட்டது. அதில் பின்னிணைப்பை நாவலுக்கு முன்னால் வைத்தார்கள்! அந்தப் பதிப்பை வாங்கியவர்கள் பெஞ்சியின் முதல் வரிக்கு வருமுன்பே குவென்டின் தற்கொலை செய்துகொண்டதையும் கேடி எங்கே போனாள் என்பதையும் படித்துவிட்டார்கள். முதல் பதிப்பைப் படித்து ஃபேடிமன் பட்ட அவஸ்தை அவர்களுக்கு இல்லை. நாவல் ஒரு பெரிய பரம்பரையின் சரித்திரமாக, தெற்கின் புராணமாக அவர்களுக்குத் தெரிந்ததில் என்ன வியப்பு?

அதிலேயே டில்சிக்கும் அவர் இனத்துக்கும் சேர்த்து ஃபாக்னர் எழுதிய பதிவு, அவர்கள் தாங்கினார்கள் என்ற ஒரே வரி. தெற்குவாசல் சொன்ன 'பொறுமையின் வடிவம்' வாசிப்புக்கு அடித்தளம் அந்த வரிதான் என்பது என் எண்ணம். அது 1929 நாவலில் இல்லை. நோபல் உரையில் மனிதன் தாங்குவான், வெல்வான் என்று அவர் பேசியபோது விமர்சகர்கள் இரண்டையும் கோத்துக்கொண்டார்கள்.

பின்னிணைப்பும் நாவலும் பொருந்தவும் இல்லை. நாவலில் கேடியின் மகள் பேரிக்காய் மரம் வழியாக இறங்கி ஓடுகிறாள், பின்னிணைப்பில் மழைநீர்க் குழாய். நாவலில் ஜேசன் சொல்லும் திருட்டுத் தொகை மூவாயிரம் டாலர், பின்னிணைப்பு உண்மையில் ஏழாயிரத்தை ஒட்டி என்கிறது. கௌலி முரண்பாடுகளை எடுத்துச் சொல்லியும் எல்லாவற்றையும் சரிசெய்ய ஃபாக்னர் மெனக்கெடவில்லை. அவருக்கு அது பழைய கதையின் விளக்கம் இல்லை, அதே கதையை இன்னொரு முறை எழுதுவது. பாரிஸ் ரெவ்யூ பேட்டியில் பின்னிணைப்பையும் சேர்த்து ஐந்து முறை எழுதியதாகத்தான் சொல்கிறார்.

அதில் ஒரு இடம் என்னை விடவே இல்லை. ஊர் நூலகர் ஒருவர் பத்திரிகையிலிருந்து வெட்டிய படத்தோடு மெம்ஃபிஸுக்குப் பேருந்தில் போகிறார். படத்தில் ஒரு ஜெர்மன் ராணுவ அதிகாரி பக்கத்தில் கேடி. வயதான டில்சியிடம் காட்டி, இது அவள்தானா என்று கேட்கிறார். எனக்குக் கண் தெரியவில்லை என்று டில்சி சொல்லிவிடுகிறார். பார்க்க மறுத்தார் என்றே நான் வாசிக்கிறேன். ஒற்றை வரியில் 'தாங்கினார்கள்' என்று முடித்த அதே பின்னிணைப்பில், டில்சி ஒரு முடிவு எடுக்கிறார்.

தெற்குவாசல்

இது நல்ல இடம். அப்படியே நாவலின் கடைசிக் காட்சியையும் சேர்த்துப் பாருங்கள். லஸ்டர் வண்டியைச் சதுக்கத்தில் சிலைக்கு இடப்பக்கம் திருப்புகிறான், பெஞ்சி அலறுகிறான், ஜேசன் ஓடிவந்து லஸ்டரை அடித்து வண்டியைத் திருப்பியதும் பெஞ்சி அமைதியாகிறான். கடைகள் வழக்கமான வரிசையில் நகர்கின்றன. ஒழுங்கு, ஒழுங்கின்மை, வடிவம் என்று எத்தனையோ கட்டுரை இந்தக் காட்சியைப் பற்றி. சிலை யாருடையது? அடிமை முறைக்காகப் போரிட்ட கூட்டமைப்புப் படையின் சிப்பாய். அடி வாங்குவது யார்? லஸ்டர். 2020-இல் மைக்கேல் கோரா ஃபாக்னரையும் உள்நாட்டுப் போரையும் சேர்த்து வைத்து ஒரு புத்தகம் எழுதியபோது அமெரிக்காவில் அந்தச் சிலைகளைப் பற்றித்தான் தெருவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. இன்று படிப்பவர் கண் நேராகச் சிலைக்குத்தான் போகும்.

கரிசல்காட்டான்

அண்ணா, பின்னிணைப்பு விஷயம் எனக்குப் புதிது. ஆனாலும் அதைக் கேட்டு வாங்கியது கௌலி, முன்னால் வைத்தது ஒரு பதிப்பகம். என் வாதம் இன்னும் நிற்கிறது என்றே நினைக்கிறேன்.

பழுப்புத்தாள்

நிற்கட்டும். கேட்டு வாங்கியது அவர்கள், எழுதியது இவர். இரண்டும் சேர்ந்துதான்.

புதுவாசகி

இப்போதுதான் இழை முழுவதும் படித்தேன். இன்னும் நாவலைத் தொடங்கவில்லை. எந்தப் பதிப்பு வாங்கலாம்? ஜேசன் பகுதி எளிமை என்கிறார்களே, அதிலிருந்து தொடங்கலாமா?

நூலகவாசி

1984-இல் நோயல் போல்க் தட்டச்சுப் பிரதியை ஒப்பிட்டுத் திருத்திய பாடம் வந்தது. அதை ஒட்டிய பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். பின்னாளைய பல பதிப்புகளில் பின்னிணைப்பு கடைசியில் இருக்கும், கடைசியிலேயே படியுங்கள். 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் 1929 பாடத்துக்குக் காப்புரிமை இல்லை. மலிவாக நிறைய அச்சு வரும், சாய்வெழுத்து ஒழுங்காக இருக்கிறதா என்று இரண்டு பக்கம் புரட்டிப் பாருங்கள்.

ஜேசனிடமிருந்து தொடங்க வேண்டாம் அம்மா. அவன் தன் அக்காவைப் பற்றியும் அவள் மகளைப் பற்றியும் வசையோடுதான் வாயைத் திறக்கிறான். கேடியை முதலில் அவன் வாயால் கேட்டால் அந்தக் கசப்பு ஒட்டிக்கொள்ளும். பெஞ்சியிடமிருந்தே தொடங்குங்கள். யார் யார் என்று புரியாவிட்டால் பரவாயில்லை, அவனைப் பார்த்துக்கொள்ளும் பையன் யார் என்று மட்டும் கவனியுங்கள். வெர்ஷ் என்றால் பெஞ்சி குழந்தை, டி.பி. என்றால் வளர்ந்துவரும் பையன், லஸ்டர் என்றால் 1928. அந்த மூன்று பெயர்களை வைத்தே பாதி தூரம் போய்விடலாம்.

தெற்குவாசல்

மூன்று பேரும் டில்சியின் குடும்பத்துப் பிள்ளைகள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.